ஓட்டுச் சீட்டில் பெயர் போடுவது யார்?

அமெரிக்காவில் 30 ஆண்டு போராடிய லா பாலெட்டின் கதை

1904-ம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்தின் தலைநகரம் மாடிசன். அங்குள்ள சர்வகலாசாலையின் தேகப்பயிற்சி மண்டபத்தில் குடியரசுக் கட்சியின் மாகாண மகாநாடு கூடப்போகிறது.

மண்டப வாசலில் முள்கம்பி வேலி!

ஒரு சமயத்தில் ஒரே ஒரு ஆள்தான் நுழைய முடியும். அவ்வளவு குறுகலான வழி. அந்த வழியில் சர்வகலாசாலையின் பழைய கால்பந்து ஆட்டக்காரர்கள் மலைபோல நிற்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சீட்டு இல்லாதவர் திரும்பிப் போக வேண்டியதுதான்.

வந்தவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் அல்ல. எல்லோரும் ஒரே கட்சி. ஆனால் கட்சிக்குள் இரண்டு கோஷ்டி. உண்மையான பிரதிநிதிகள் நாங்கள்தான் என்று இரண்டு கோஷ்டியும் சொல்லின. எதிர்க்கோஷ்டி கள்ளச் சீட்டோடு உள்ளே புகுந்துவிடும் என்று பயந்து, கவர்னரின் ஆட்கள் வேலி போட்டுவிட்டார்கள்.

அந்தக் கவர்னரின் பெயர் ராபர்ட் லா பாலெட். வேடிக்கை என்னவென்றால், கட்சி மகாநாடு கூடி அபேட்சகர்களைப் பொறுக்கும் வழக்கமே ஒழிய வேண்டும் என்று ஏழு ஆண்டுகளாக ஊர் ஊராகப் பேசி வந்தவர் அவர்தான்.

சமையல் ஒருவர் கையில்

அமெரிக்காவில் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை ஜனாதிபதித் தேர்தல் நடக்கிறது. குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி என்று இரண்டு பெரிய கட்சிகள். அந்த இரண்டு கட்சிகளும் நிறுத்தும் இருவரில் ஒருவர்தான் ஜனாதிபதி ஆகிறார்.

சரி, கோடிக்கணக்கான பேரில் அந்த இருவரைப் பொறுக்குவது யார்?

அந்தக் காலத்து முறை இது. முதலில் ஊரிலோ வார்டிலோ கட்சிக் கூட்டம் நடக்கும். அந்தக் கூட்டம் ஜில்லா மகாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்பும். ஜில்லா மகாநாடு மாகாண மகாநாட்டுக்கு ஆள் அனுப்பும். மாகாண மகாநாடுதான் கவர்னர் பதவிக்கு அபேட்சகரைப் பொறுக்கும். ஜனாதிபதி அபேட்சகரைப் பொறுக்கும் தேச மகாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளையும் அதுவே அனுப்பும்.

கேட்கும்போது ஒழுங்காகத்தான் இருக்கிறது. நடப்பு வேறு. ஊர்க் கூட்டம் எப்போது, எங்கே என்று பல பேருக்குத் தெரியாது. குடியானவன் உழவில் இருப்பான். கூலிக்காரன் வேலையில் இருப்பான். கூட்டத்துக்குப் போகிறவர்கள் கட்சிப் பெரியவரின் ஆட்கள். படிக்குப் படி ஏறி மேலே போகும்போது பிரதிநிதிகளின் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறையக் குறைய அவர்களை விலைக்கு வாங்குவது சுலபம்! ரெயில் கம்பெனிக்காரர்களும், மரக் கம்பெனிக்காரர்களும் அந்த வித்தையை நன்றாகக் கற்று வைத்திருந்தார்கள்.

பந்தியில் எல்லோருக்கும் இலை போடுவார்கள். என்ன சமைப்பது என்று மட்டும் யாரையும் கேட்க மாட்டார்கள். அமெரிக்க வாக்காளரின் நிலைமை அப்படித்தான் இருந்தது.

மரக்கட்டை வீட்டில் பிறந்தவர்

லா பாலெட் 1855-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி பிறந்தார். விஸ்கான்சினில் பிரிம்ரோஸ் என்ற கிராமப் பகுதி. மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடு. விவசாயக் குடும்பம். குழந்தைக்கு எட்டு மாதம் ஆகும்போது தகப்பனார் இறந்துவிட்டார்.

தாயார் மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தகப்பனார் வயதான கடைக்காரர், கண்டிப்பு அதிகம். பையன் சின்ன வயதிலேயே உழைத்துப் பழகினான்.

பிறகு குடும்பம் மாடிசனுக்கு வந்தது. 1875-ல் லா பாலெட் அங்குள்ள சர்வகலாசாலையில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்கு மாணவர் பத்திரிகை ஒன்றை விலைக்கு வாங்கி நடத்தினார். பள்ளிக்கூடத்தில் பாடமும் சொல்லிக் கொடுத்தார். பாட நேரத்தைவிட மேடையில் நின்ற நேரம் அதிகம் என்று சொல்லலாம். நாடகத்தில் அவருக்கு அவ்வளவு ஆசை! ஆனால் ஆள் குள்ளம். கதாநாயகனுக்கு உயரம் போதாது. நடிப்பு ஆசையைப் பேச்சில் தீர்த்துக்கொண்டார். 1879-ல் பல மாகாணக் கல்லூரிகள் கலந்துகொண்ட பேச்சுப் போட்டியில் அவருக்கு முதல் பரிசு கிடைத்தது.

அதே வகுப்பில் படித்தவர் பெல் கேஸ் என்ற பெண். 1881 டிசம்பர் 31-ந் தேதி இருவருக்கும் திருமணம் நடந்தது. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிந்து நடப்பேன் என்று கிறிஸ்தவத் திருமணத்தில் உறுதி சொல்லுவது அக்கால வழக்கம். அந்த வார்த்தையை நீக்கிவிடும்படி பெல் கேட்டார். பாதிரியாரும் நீக்கிவிட்டார். பிறகு அந்தப் பெண்மணி சட்டம் படித்தார். விஸ்கான்சின் சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். கணவரின் வழக்குகளிலும் பிரசங்கங்களிலும் அவருடைய மூளை எவ்வளவு வேலை செய்தது என்பது வீட்டுக்கு வந்து போனவர்களுக்குத் தெரியும்.

தபால்காரரை மீறினார்

1880-ல் சர்க்கார் வக்கீல் பதவிக்கு லா பாலெட் நிற்க விரும்பினார். ஜில்லா முழுவதற்கும் அது தேர்தல் பதவி. சம்பளம் ஆண்டுக்கு 800 டாலர்.

மாடிசன் நகரில் கட்சியின் பெரியவர் கீஸ் என்பவர். தபால் இலாகா அதிகாரியும் அவரே. அவர் தலையசைக்காமல் அந்த ஜில்லாவில் யாரும் பதவிக்கு வர முடியாது. வீண் வேலை, போய்ப் பிழைப்பைப் பார் என்று இளைஞரைத் தட்டிக் கழித்தார்.

லா பாலெட் கேட்கவில்லை. குதிரை வண்டியைப் பூட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போனார். களத்து மேட்டில் நின்று பேசினார். மகாநாட்டில் இடம் கிடைத்தது, தேர்தலிலும் ஜெயித்தார். அப்போது வயது 25.

1884-ல் அமெரிக்கப் பார்லிமெண்டான காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தச் சபையில் அவரே வயதில் இளையவர். ஆறு ஆண்டு பதவியில் இருந்தார். 1890 தேர்தலில் அவருடைய கட்சிக்கே பெரிய தோல்வி. அவரும் தோற்று ஊருக்கு வந்து வக்கீல் தொழிலைத் தொடங்கினார்.

அதுவரை அவர் கட்சிக்கு அடங்கிய பிள்ளைதான். பெரியவர்களோடு சண்டை எதுவும் இல்லை. சண்டை ஓட்டல் ஒன்றில் தொடங்கியது.

ஓட்டல் அறையில் என்ன நடந்தது?

பிலீட்டஸ் சாயர் என்பவர் மரத் தொழிலில் கோடீசுவரர். செனட் சபை அங்கத்தினர். மாகாணக் கட்சிக்கு முதல் தூண்.

அப்போது ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. மாகாணக் கஜானா அதிகாரிகள் பல ஆண்டுகளாகப் பொதுப்பணத்தைப் பாங்கியில் போட்டு, வட்டியைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள் என்று வழக்கு. அந்த அதிகாரிகளுக்கு ஜாமீன் நின்றவர்களில் சாயரும் ஒருவர். தீர்ப்பு பாதகமாக வந்தால் அவர் கையிலிருந்து பெரிய தொகை போகும். வழக்கை விசாரித்த நீதிபதி, லா பாலெட்டின் சகோதரியின் கணவர்.

1891 செப்டம்பரில் மில்வாக்கி நகர ஓட்டல் ஒன்றுக்கு வரும்படி லா பாலெட்டைச் சாயர் அழைத்தார். அங்கே நீதிபதியைச் சரிக்கட்டத் தமக்கு லஞ்சம் கொடுக்க வந்தார் என்பது லா பாலெட்டின் குற்றச்சாட்டு. இல்லை, வக்கீலாக அமர்த்தத்தான் பணம் கொடுக்க வந்தேன் என்றார் சாயர். அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். எது உண்மை என்று சாட்சி சொல்ல மூன்றாவது ஆள் இல்லை.

லா பாலெட் விஷயத்தை நீதிபதியிடம் சொல்லிவிட்டார். நீதிபதி வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். செய்தி வெளியே வந்தது. கட்சி முழுவதும் லா பாலெட் மீது பாய்ந்தது. தெருவில் பார்த்தால் பேசுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வயதான சாயரை மரியாதைக்குரியவர் என்று நினைத்த மக்களும் கோபித்தார்கள்.

அந்த மனிதர் அப்போது அரசியலை விட்டிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஓர் இரவில் மாறிய கணக்கு

1894-ல் லா பாலெட் தம் நண்பர் ஒருவரைக் கவர்னர் பதவிக்கு நிறுத்திப் பார்த்தார். மகாநாட்டில் தோல்வி.

1896-ல் தாமே நின்றார். மாகாண மகாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகளை எண்ணிப் பார்த்தார். ஜெயிப்பதற்குப் போதுமான பேர் இருந்தார்கள். ஆனால் பொழுது விடிவதற்குள் கணக்கு மாறிவிட்டது. தங்களுக்குப் பணம் காட்டினார்கள் என்று சில பிரதிநிதிகளே இரவில் வந்து சொன்னதாக லா பாலெட் பிற்காலத்தில் எழுதினார். மறுநாள் ஸ்கோபீல்டு என்பவர் அபேட்சகர் ஆனார்.

நண்பர்கள் சோர்ந்துவிட்டார்கள். லா பாலெட் வேறு விதமாக யோசித்தார். ஆளை மாற்றினால் போதாது. ஆளைப் பொறுக்கும் முறையை மாற்ற வேண்டும். நல்ல பிரதிநிதியைத் தேடி அலைவதை விட்டு, பிரதிநிதியே தேவையில்லை என்று செய்துவிட்டால்?

1897 பிப்ரவரி 22-ந் தேதி சிகாகோ சர்வகலாசாலையில் அவர் இதை விளக்கிப் பேசினார். கட்சி அபேட்சகரைக் கட்சி வாக்காளர்களே ரகசிய ஓட்டுப் போட்டுப் பொறுக்க வேண்டும். பொதுத் தேர்தலுக்கு முன்னால் சட்டப்படி, சர்க்கார் மேற்பார்வையில், எல்லா ஊரிலும் ஒரே நாளில் இன்னொரு தேர்தல் நடக்க வேண்டும். இதுதான் பிரைமரி என்னும் பூர்வாங்கத் தேர்தல். இந்த யோசனை லா பாலெட் கண்டுபிடித்தது அல்ல. அங்கங்கே சிறிய அளவில் இருந்ததுதான். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, நிறைவேறும்வரை விடாமல் நின்றார் என்பதுதான் அவருடைய பெருமை.

அந்த ஆண்டு அறுவடைக் காலத்தில் ஜில்லாச் சந்தைகளுக்கும் விவசாயக் கண்காட்சிகளுக்கும் போனார். மாட்டையும் பூசணிக்காயையும் பார்க்க வந்த கூட்டத்தில் நின்று இதையே பேசினார். 1898-ல் மறுபடி நின்றார். மறுபடி ஸ்கோபீல்டிடம் தோல்வி.

1900-ல் காற்று திரும்பியது. மக்களின் மனத்தைக் கண்ட கட்சிப் பெரியவர்கள் சிலர் வழிவிட்டார்கள். மகாநாட்டில் போட்டியே இல்லை. பொதுத் தேர்தலில் சுமார் ஒரு லட்சம் ஓட்டு அதிகம் வாங்கி ஜெயித்தார். விஸ்கான்சினிலேயே பிறந்து அதன் கவர்னர் ஆன முதல் மனிதர் அவர்.

பெயர் சொல்லிப் படித்தார்

கவர்னர் ஆனவுடன் 1901-ல் பூர்வாங்கத் தேர்தல் மசோதா சட்டசபைக்குப் போனது. சபையிலும் அவருடைய கட்சிதான். ஆனாலும் மசோதா தோற்றது. பதிலுக்கு அரைகுறையான ஒரு மசோதாவை நிறைவேற்றி அனுப்பினார்கள். ஜில்லாப் பதவிகளுக்கு மட்டும் பூர்வாங்கத் தேர்தலாம்! லா பாலெட் அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பசித்தவன் அரைச் சாப்பாட்டை ஒதுக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். அரைச் சாப்பாடு கொடுத்தால் பசியே மறந்துவிடும், முழுச் சாப்பாடு கடைசிவரை வராது என்பது அவருடைய எண்ணம்.

அப்புறம் புதிய வேலை ஒன்று செய்தார். சட்டசபையில் எந்த அங்கத்தினர் எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்ற பட்டியலை எடுத்துக்கொண்டு, அந்தந்த அங்கத்தினரின் சொந்த ஊருக்கே போனார். மேடை ஏறிப் பெயர் சொல்லிப் படித்தார். வசைமொழி இல்லை. பட்டியல் மட்டும்தான். கேட்ட ஜனங்கள் வாயடைத்துப் போனார்கள். ஊரில் ஒன்று பேசி, தலைநகரில் ஒன்று செய்தவர்களுக்கு அடுத்த தேர்தலில் இடம் போயிற்று.

1903-ல் சட்டசபை இறங்கி வந்தது. மசோதாவை நிறைவேற்றுகிறோம், ஆனால் 1904 நவம்பரில் மக்களின் ஓட்டுக்கு விட வேண்டும் என்று நிபந்தனை போட்டது. ஜனங்களே அதைத் தோற்கடித்துவிடுவார்கள் என்று எதிரிகள் நம்பினார்கள்.

இந்தச் சமயத்தில்தான் 1904 மே மாதத்து மகாநாடும் முள்கம்பி வேலியும் வந்தன. உள்ளே ஓட்டெடுப்பில் தோற்ற எதிர்க்கோஷ்டி வெளியேறியது. பக்கத்தில் ஒரு நாடகக் கொட்டகையில் தனி மகாநாடு நடத்தியது. இரண்டு மகாநாடும் தனித்தனியாகக் கவர்னர் அபேட்சகரைப் போட்டன. இரண்டும் சிகாகோவில் கூடிய தேச மகாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்பின.

சிகாகோவில் தேசத் தலைவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கொட்டகைக் கோஷ்டியை உட்கார வைத்து, பதவியில் இருக்கும் கவர்னரின் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்!

அக்டோபரில் மாகாண உயர் நீதிமன்றம் லா பாலெட் பக்கம் தீர்ப்பளித்தது. நவம்பரில் அவர் மூன்றாவது முறையாகக் கவர்னர் ஆனார். அதே நாளில் பூர்வாங்கத் தேர்தல் சட்டமும் சுமார் 50 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது.

சிகாகோவில் பட்ட அவமானத்தை அவர் மறக்கவில்லை. 1905-ல் இன்னொரு சட்டம் கொண்டுவந்தார். ஜனாதிபதி அபேட்சகரைப் பொறுக்கும் தேச மகாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. ஜனாதிபதி அபேட்சகர் தேர்வில் சாதாரண வாக்காளனின் விரல் பட வழி திறந்த சட்டங்களில் அது மிக முந்தியது. பிறகு வேறு மாகாணங்களும் பின்பற்றின. 1910-ல் ஓரிகன் மாகாணம் இன்னும் ஒரு படி மேலே போனது. எந்த ஜனாதிபதி அபேட்சகர் வேண்டும் என்பதையே வாக்காளர் சொல்லலாம் என்று சட்டம் செய்தது.

சட்டத்தை எழுதியவருக்கே முதல் அடி! 1906 செப்டம்பரில் விஸ்கான்சினில் முதல் பூர்வாங்கத் தேர்தல் நடந்தது. கவர்னர் பதவிக்கு லா பாலெட் ஆதரித்தவர் லென்ரூட். மக்கள் பொறுக்கியதோ டேவிட்சன் என்பவரை. லா பாலெட்டின் செல்வாக்கு எடுபடவில்லை.

செனட் சபையில்

அதற்கு முன்பே, 1906 ஜனவரியில், லா பாலெட் செனட் சபைக்குப் போய்விட்டார். சாகும்வரை அங்கேதான் இருந்தார்.

அவருடைய பேச்சைக் கேட்கப் பிடிக்காமல் சக அங்கத்தினர்கள் எழுந்து வெளியே போவது உண்டு. அவர் அசரமாட்டார். 1908-ல் பாங்கி மசோதா ஒன்றை எதிர்த்து 18 மணி நேரத்துக்கு மேல் பேசினார். நடுவில் பாலும் முட்டையும் கலந்து குடித்து உடம்பைத் தாங்கிக்கொண்டார். 1953-வரை அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை.

1909-ல் தம் பெயரிலேயே ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். பெல் அம்மையார் அதில் பெண்கள் பகுதியை நடத்தினார். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு ஊர் ஊராகப் பேசவும் போனார். கணவர் மக்கள், மக்கள் என்று முழங்கிக்கொண்டிருந்த காலத்தில், அந்த மக்களில் பாதிப் பேருக்கு விஸ்கான்சினில் சட்டசபைக்கு ஓட்டுப் போட உரிமை இல்லை. நாடு முழுவதும் பெண்களுக்கு ஓட்டு வந்தது 1920-ல்தான்.

குணத்தில் லா பாலெட் சுலபமானவர் அல்ல. நூற்றுக்குத் தொண்ணூறு ஒத்துப்போகிறவரும், மீதிப் பத்துக்காக அவருக்கு எதிரி ஆகிவிடுவார். பழைய நண்பர்கள் பலர் அப்படிப் பிரிந்தார்கள். கட்சி எஜமானர்களை ஒழிக்க வந்தவர், தமக்கென்று ஒரு கோஷ்டியைக் கட்டி, சர்க்கார் ஊழியர்களைத் தேர்தல் வேலைக்கு அனுப்பினார் என்ற புகாரும் பொய் அல்ல.

பிலடெல்பியா இரவு

1912-ல் ஜனாதிபதித் தேர்தல். குடியரசுக் கட்சியைச் சேர்ந்த டாப்ட் அப்போது ஜனாதிபதி. கட்சியிலிருந்த சீர்திருத்தக்காரர்கள் அவரை எதிர்த்து லா பாலெட்டை நிறுத்த விரும்பினார்கள். முதல் தடவையாகப் பத்துக்கு மேற்பட்ட மாகாணங்களில் ஜனாதிபதி அபேட்சகருக்குப் பூர்வாங்கத் தேர்தல் நடக்கப்போகிறது. தாம் நட்ட மரத்தின் பழத்தைத் தாமே பறிக்கும் வேளை வந்துவிட்டது என்று அவர் நினைத்திருக்கலாம்.

பிப்ரவரி 2-ந் தேதி இரவு. பிலடெல்பியாவில் பத்திரிகை அதிபர்களின் விருந்து. நாடு முழுவதும் செய்தி போடக்கூடியவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். லா பாலெட் பல வாரமாக ஓயாமல் அலைந்து களைத்திருந்தார். மறுநாள் சின்ன மகளுக்கு ஆபரேஷன். மனம் அங்கே இருந்தது. இரவு வெகுநேரம் கழித்துப் பேச எழுந்தார்.

பேச்சு நீண்டது. ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். சொன்னதையே திரும்பச் சொன்னார். விருந்துக்கு அழைத்தவர்களையே, பத்திரிகைகள் பணக்காரர்களுக்கு அடிமை என்று கண்டித்தார். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவர் உட்கார்ந்தபோது பாதி நாற்காலி காலி.

மறுநாள் பத்திரிகைகள் அவருக்கு மூளைக் கோளாறு என்கிற அளவுக்கு எழுதின. கூட இருந்தவர்கள் இந்தச் சாக்கை வைத்துக்கொண்டு மாஜி ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பக்கம் ஓடினார்கள். ரூஸ்வெல்ட்டும் போட்டியில் இறங்கினார்.

லா பாலெட் விலகவில்லை. மார்ச் 19-ந் தேதி வடக்கு டகோட்டாவில் பூர்வாங்கத் தேர்தல் நடந்தது. அங்கே ரூஸ்வெல்ட்டைத் தோற்கடித்தார். சொந்த மாகாணத்திலும் ஜெயித்தார். அத்தோடு சரி. மற்ற மாகாணங்களில் பெரும்பாலானவற்றை ரூஸ்வெல்ட் வாரிக்கொண்டு போனார். பூர்வாங்கத் தேர்தல்களில் கிடைத்த பிரதிநிதிகள்: ரூஸ்வெல்ட்டுக்கு 278, டாப்டுக்கு 48, லா பாலெட்டுக்கு 36.

மக்கள் தீர்ப்பு தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் பூர்வாங்கத் தேர்தல் நடத்தாத மாகாணங்களே அதிகம். அங்கெல்லாம் பழைய முறைதான். தகராறான 254 இடங்களில் 235 இடங்களைக் கட்சித் தலைமை டாப்ட் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டது. ஜூனில் சிகாகோ மகாநாடு டாப்டையே அபேட்சகர் ஆக்கியது. ரூஸ்வெல்ட் கோபித்துக்கொண்டு தனிக்கட்சி தொடங்கினார். கட்சி இரண்டாக உடைந்தது. ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சன் ஜனாதிபதி ஆனார்.

துரோகி என்றார்கள்

1917-ல் ஜெர்மனி மீது அமெரிக்கா போர் தொடுத்தது. செனட் சபையில் 82 பேர் போருக்கு ஓட்டளித்தார்கள். எதிர்த்தவர்கள் 6 பேர். அதில் லா பாலெட் ஒருவர்.

நாடு கொதித்தது. அவர் படித்த சர்வகலாசாலையின் ஆசிரியர்களே நூற்றுக்கணக்கில் கையெழுத்திட்டு அவரைக் கண்டித்தார்கள். ஒரு கூட்டத்தில் அவர் பேசியதைச் செய்தி நிறுவனம் ஒன்று தலைகீழாக மாற்றி அனுப்பிவிட்டது. அதை வைத்துச் சபையிலிருந்து அவரை நீக்குவதற்கு விசாரணை தொடங்கினார்கள். 1919-ல் 50-க்கு 21 ஓட்டில் அந்த விசாரணை கைவிடப்பட்டது.

1922-ல் செனட் பதவிக்கு மீண்டும் தேர்தல். பழையபடி மகாநாடு கூடிப் பொறுக்குவதாக இருந்தால் அவர் பெயரை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். இப்போது பொறுக்குகிறவர்கள் மக்கள். பூர்வாங்கத் தேர்தலில் எளிதாக ஜெயித்தார். பொதுத் தேர்தலில் நூற்றுக்கு 80 ஓட்டு அவருக்கு!

1924-ல் வயது 69. உடம்பு தளர்ந்துவிட்டது. குடியரசுக் கட்சியின் தேச மகாநாட்டில் அவருக்குக் கிடைத்தது 34 ஓட்டு. அபேட்சகராக வந்த கூலிட்ஜுக்கு ஆயிரத்துக்கு மேல். லா பாலெட் தனியாக ஜனாதிபதி தேர்தலில் நின்றார். ஜனநாயகக் கட்சி செனட்டர் வீலர் உப ஜனாதிபதிக்கு நின்றார். தொழிற்சங்கங்களும் விவசாயிகளும் ஆதரித்தார்கள். பணம் இல்லை. கூட்டத்துக்கு வந்தவர்களிடமே வசூல் செய்தார்கள். கடைசியில் 48 லட்சம் ஓட்டுக் கிடைத்தது. போட்ட ஓட்டில் ஆறில் ஒரு பங்கு. ஆனால் ஜெயித்தது விஸ்கான்சின் ஒரு மாகாணத்தில் மட்டும்தான்.

1925 ஜூன் 18-ந் தேதி வாஷிங்டனில் லா பாலெட் இறந்தார். 70-வது பிறந்த நாள் கழிந்து நான்காவது நாள்.

அவருக்குப் பின்

காலியான செனட் இடத்துக்கு நிற்கும்படி பெல் அம்மையாரைக் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். மூத்த மகன் ராபர்ட் நின்றார், ஜெயித்தார். அப்போது வயது 30. 21 ஆண்டுகள் செனட்டராக இருந்தார். இளைய மகன் பிலிப் விஸ்கான்சின் கவர்னர் ஆனார். கணவரின் வரலாற்றைப் பெல் அம்மையார் எழுதத் தொடங்கி, பாதியில் 1931-ல் இறந்தார். மகள் போலா அதை முடித்தார்.

1946-ல் ராபர்ட் மீண்டும் குடியரசுக் கட்சியின் பூர்வாங்கத் தேர்தலில் நின்றார். தகப்பனார் கொண்டுவந்த அதே தேர்தல்! ஐயாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றுப்போனார். ஜெயித்தவர் ஜோசப் மெக்கார்த்தி. பின்னால் கண்டவரையெல்லாம் கம்யூனிஸ்டு என்று குற்றம் சாட்டி நாட்டையே ஆட்டி வைத்த மெக்கார்த்திதான் அவர்.

ஜனாதிபதி அபேட்சகர் விஷயத்தில் பழைய வழக்கம் அவ்வளவு சீக்கிரம் சாகவில்லை. 1952-ல் ஜனநாயகக் கட்சியின் பூர்வாங்கத் தேர்தல்களில் பெரும்பாலானவற்றை கெபாவர் என்ற செனட்டர் ஜெயித்தார். மகாநாடு பொறுக்கியதோ, எதிலும் போட்டியிடாத ஸ்டீவன்சனை. 1968-லும் அதே கதை. பூர்வாங்கத் தேர்தல் எதிலும் நிற்காத ஹம்ப்ரி அபேட்சகர் ஆனார். சிகாகோவில் மகாநாட்டு மண்டபத்துக்கு வெளியே இளைஞர்களுக்கும் போலீசுக்கும் ரத்தம் சிந்தும் மோதல். அந்த ஆண்டு ஹம்ப்ரி தோற்றார்.

அதற்குப் பிறகுதான் ஜனநாயகக் கட்சி விழித்துக்கொண்டது. மக்கவர்ன் என்ற செனட்டர் தலைமையில் ஒரு கமிட்டி அமைத்தது. பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பது பகிரங்கமாக, எல்லாக் கட்சி வாக்காளரும் கலந்துகொள்ளும்படி நடக்க வேண்டும் என்று கமிட்டி விதி செய்தது. பல மாகாணங்கள் பூர்வாங்கத் தேர்தல் சட்டம் கொண்டுவந்தன. குடியரசுக் கட்சியும் அதே பாதைக்கு வந்தது.

புதிய விதிகளின்படி முதலில் நடந்தது 1972 தேர்தல். அதில் மக்கவர்னே நின்றார். அவருக்குக் கிடைத்த முதல் பூர்வாங்கத் தேர்தல் வெற்றி விஸ்கான்சினில். கட்சியின் அபேட்சகரும் ஆனார். நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில், 50 மாகாணங்களில் அவர் ஜெயித்தது மாசாசூசெட்ஸ் ஒன்றில் மட்டும்.